நாலாவது ரூம்

அந்த நாலாவதை மட்டும் இப்பத் தொடாதீங்கண்ணே. மத்த மூணையும் என்ன வேணாலும் பண்ணிக்கங்க. மொதலாளி சாப்பிட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் ஒண்ணாக்கிரணும்னு உங்ககிட்ட சொல்லியிருப்பாரு, தெரியும். அவரு சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, வெத்தலை வாங்கிப் போட்டுக்கிட்டு வர மூணரை ஆயிரும். அந்த ஸ்டூலு ஆடும், இந்தச் சேர்ல உக்காருங்க. ஃபேன் இங்கிட்டுத்தான் வரும்.

நீங்க இதை டெஸ்க்டாப்புன்னு சொல்லுவீங்க. நான் ரூமுன்னுதான் சொல்றது. ஒரே மிஷினு, நாலு ரூமு. கண்ட்ரோலையும் விண்டோஸ் பட்டனையும் அமுக்கிக்கிட்டு அம்புக்குறியைத் தட்டுனா இந்த ரூம்லருந்து அந்த ரூமுக்குப் போயிரலாம். உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா, நீங்க மெக்கானிக்கு. ஆனா மொதலாளிக்கு ஆறு வருசமா சொல்லியும் விளங்கல. "ஒரு கடைக்கு எதுக்கும்மா நாலு திரை"ன்னு கேக்குறாரு. அவருக்கென்ன, பேப்பர் ரிம்மை எண்ணுனாப் போதும்.

எதுக்குன்னு சொல்றேன். இந்தா இருக்குல்ல பெஞ்சு, பத்திரிகை அடிக்க வர்றவங்க எல்லாரும் இதுலதான் உக்காருவாங்க. உக்காந்து மானிட்டரைப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. பிள்ளையாரை இன்னும் பெருசாப் போடு, மயிலைத் தூக்கு, மாமா பேருக்கு முன்னால பட்டம் போடுன்னு. நம்ம கடையில கல்யாணப் பத்திரிகையும் இதே மிஷின்லதான், கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் இதே மிஷின்லதான். ஒரு ஆனி மாசம், பொண்ணு வீட்டுக்காரங்க எட்டுப் பேரு உக்காந்திருக்காங்க. நான் ஒரு ஃபோல்டரை மூடுறேன், அதுக்குப் பின்னால வேற ஒரு ஃபோல்டரு திறந்து கிடக்கு. ஒரு தாத்தா படம். மாலையும் ரெண்டு விளக்குமா. பொண்ணோட அம்மா விருட்டுன்னு எந்திரிச்சிருச்சு. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல பொணத்தைக் காட்டுறியே, நீயெல்லாம் புள்ள பெத்தவதானா"ன்னு கேட்டுட்டு எட்டுப் பேரும் செருப்பை மாட்டிட்டுப் போயிட்டாங்க. மொதலாளி அன்னைக்கு என்னை வஞ்ச வசவு இருக்கே, என்னத்தச் சொல்ல.

அதைக்கூடத் தாங்கிட்டேன். அடுத்த வாரமே ஒருத்தரு வந்தாரு, பைக் ஆக்ஸிடெண்டுல மகனைப் பறிகுடுத்தவரு. பெஞ்சுல உக்காந்திருக்காரு. மகன் படத்தைத் தேடுறேன்னு தட்டுறேன், பொண்ணு மாப்பிள்ளை சிரிச்சுக்கிட்டு நிக்கிற படமா வந்து விழுகுது, இருபது முப்பது. அந்த மனுசன் பாத்துக்கிட்டே இருந்தாரு. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலண்ணே.

அப்புறந்தான் இந்த ரூமு சமாச்சாரம். என்னத்தையோ தெரியாம அமுக்கிட்டேன், திரையே அப்படியே வழுக்கிட்டுப் போயிருச்சு. அம்புட்டு வேலையும் அழிஞ்சுபோச்சுன்னு அழுதுட்டேன். விசிட்டிங் கார்டு அடிக்க வந்த ஒரு பேங்க் மேடம்தான், "அழாதீங்கக்கா, வேலை எங்கயும் போகல, இது இன்னொரு பக்கம்"னு காட்டுனாங்க. அன்னைக்கே பிரிச்சுட்டேன். மொத ரூமு கல்யாணம். ரெண்டாவது காதுகுத்து, சடங்கு, கடை திறப்பு. மூணாவது அஞ்சலி, பதினாறாம் நாள், நினைவு நாள். ஒரு ரூம்ல திறந்த ஃபோல்டரு இன்னொரு ரூம்ல எட்டிப் பாக்கக் கூடாது. கல்யாணத்துக்காரங்க கண்ணுல கருமாதி படக் கூடாது, கருமாதிக்காரங்க கண்ணுல கல்யாணம் படக் கூடாது. இந்தக் கம்பம் டவுன்ல எந்தக் கடையிலயாவது இப்படி ஒருத்தி வேலை பாக்குறாளா, கேட்டுப் பாருங்க.

நாலாவதா? அது... சொல்றேன், சொல்றேன். மொதல்ல டீ சொல்லட்டுமா? வேணாமா. சரி.

நாலாவது என் சொந்த ரூமு. அதுல ஒரே ஒரு ஃபோல்டருதான். "காணவில்லை"ன்னு பேரு. அதுல ஒரே ஒரு படம். எங்க வீட்டுக்காரரு படம்.

அவரு பேரு தவமணி. ஏலத் தோட்டத்துக்கு ஆளேத்திட்டுப் போற ஜீப்பு ஓட்டுனாரு. ஒன்பது வருசம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை ஜீப்பைக் கொண்டாந்து செட்டுல விட்டுட்டு, சாவியை ஆணியில மாட்டிட்டுப் போனவருதான். சண்டையில்ல, சத்தமில்ல. அன்னைக்குக் காலையில இட்லிக்கு இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டாரு, ஊத்துனேன். அம்புட்டுத்தான் எங்களுக்குள்ள நடந்த பேச்சு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தேன். அவங்க, "நோட்டீசு அடிச்சு ஒட்டும்மா"ன்னாங்க. நோட்டீசு அடிக்கத்தான் மொத மொத இந்தக் கடைக்கு வந்தேன். இதே பெஞ்சுல உக்காந்து, "நிறம் மாநிறம், உயரம் அஞ்சரை அடி"ன்னு சொல்லச் சொல்ல அப்ப மிஷின்ல உக்காந்திருந்தவரு அடிச்சாரு. மொதலாளி பாத்துட்டு, "பத்திரிகை மடிக்க ஆளில்ல, வர்றியாம்மா"ன்னு கேட்டாரு. மடிக்க வந்தேன். மடிச்சுக்கிட்டே பாத்தேன். பாத்துக்கிட்டே கத்துக்கிட்டேன். இன்னைக்கு நான் இல்லேன்னா இந்தக் கடை இல்ல, அது வேற கதை.

அந்த ஃபோல்டரை எந்த ரூம்ல வைக்கிறது, நீங்களே சொல்லுங்க. கல்யாணத்துலயும் சேராது. அஞ்சலியில வைக்க எனக்குக் கை வருமா? அதான் நாலாவதுன்னு ஒண்ணு. தெனம் காலையில வந்ததும் அந்த ரூமுக்குப் போயி ஃபோல்டரைத் திறந்து ஒரு தடவை பாத்துட்டு, வேலைக்குப் போயிருவேன். சாமி கும்புடுற மாதிரின்னு வச்சுக்கங்களேன். மூடுறதில்ல. மிஷினை ஆஃப் பண்றதும் இல்ல, தூங்கத்தான் வைக்கிறது. ஆஃப் பண்ணா மறுபடியும் நாலு ரூம்லயும் எல்லாத்தையும் அடுக்கணுமே.

என்னண்ணே சிரிக்கிறீங்க? எத்தனை? முப்பத்தேழா? ஒரே ஃபோல்டரு முப்பத்தேழு தடவை திறந்து கிடக்கா? அடப்பாவமே. அதான் மிஷினு முக்கி முக்கி ஓடுதா? நான் பாட்டுக்கு மெமரி பத்தலன்னு மொதலாளிகிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்.

இப்ப அந்த ரூம்ல இன்னொண்ணும் இருக்கு. எம்மக நிவேதா கல்யாணப் பத்திரிகை. ஆவணி இருபத்தொண்ணு முகூர்த்தம், மாப்பிள்ளை சின்னமனூரு. நியாயமா மொத ரூம்ல இருக்கணும். முடியலண்ணே. அப்பா பேருக்கு முன்னால என்ன போடுறதுன்னே தெரியாம அதை எப்படி மொத ரூமுக்குக் கொண்டு போறது? "திரு"ன்னு போட்டா, மேடையில ஆளு எங்கம்மான்னு கேப்பாங்க. "தெய்வத்திரு"ன்னு போட்டா, நான் மேடைப் பக்கமே போக முடியாது. பெத்த மக கல்யாணத்துல விளக்கேத்த முடியாது, ஆரத்தி எடுக்க முடியாது, பின்னால தூண்கிட்ட நின்னு பாக்கணும். ரெண்டு எழுத்தா, ஆறு எழுத்தா, அதுலதான் நான் முன்னால நிக்கிறதா பின்னால நிக்கிறதாங்கறது இருக்கு. இன்னைக்குச் சாயங்காலம் அச்சுக்கு ஏத்தணும். இன்னும் அந்த எடம் காலியாத்தான் கிடக்கு.

இதுக்கு நடுவுலதான் போன மாசம் அந்தக் கூத்து. மொதலாளி உங்களைக் கூப்பிட்டதே அதுக்குத்தான். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க, ஊரே சிரிச்சுச்சு.

கம்பவுண்டரு சுப்புராமு இறந்துட்டாருன்னு போஸ்டர் அடிக்க வந்தாங்க. இருநூறு போஸ்டரு. மொதல்ல குடுத்த படம் மங்கலா இருந்துச்சு, வேற படம் போன்ல அனுப்புனாங்க. மூணாவது ரூம்ல எறக்கி வச்சேன். எல்லாம் சரியாத்தான் பண்ணேன். ஆனா அன்னைக்குக் காலையில நாலாவது ரூம்ல, அந்த ஃபோல்டர்லயே மக பத்திரிகையையும் வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தேன், அதுதான் தப்பாப் போச்சு. ரூமைத்தான் நம்ம பிரிக்கலாம். படத்தை உள்ள கொண்டு வர்றதுக்கு ஒரு பொட்டி திறக்குமே, அந்தப் பொட்டிக்கு ரூமெல்லாம் தெரியாதாம். கடைசியா எந்த ஃபோல்டர்ல இருந்தமோ அங்கயே கொண்டுபோயி நிறுத்துமாம். இதெல்லாம் பின்னால தெரிஞ்சது. அங்க ஒரே ஒரு படம் இருந்துச்சு, எடுத்துப் போட்டேன். மிஷினோட தப்பு, என் தப்பு இல்ல.

புருசன் மூஞ்சி தெரியலயான்னு கேக்குறீங்க. எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. வேலையில இருக்கும்போது மூஞ்சி தெரியாதுண்ணே. ஒரு நாளைக்கு இருபது மூஞ்சி வெட்டுறேன். சுத்தி இருக்குற செவுத்தை வெட்டி எடுத்தேன். கலர் சட்டையா இருந்துச்சு, வெள்ளைச் சட்டையா மாத்துனேன். கம்பவுண்டருக்கு வயசு அறுபத்தெட்டுன்னாங்க, படத்துல முடி கருகருன்னு இருந்துச்சு, அதனால காதோரத்துல கொஞ்சம் நரை போட்டேன். மீசையிலயும் போட்டேன். கண்ணுக்குக் கீழ லேசாச் சுருக்கம். ஒரு மணி நேரம் ஆச்சு. நல்லா வந்துச்சு. வயசானா அப்படித்தான் இருப்பாரு. கம்பவுண்டரைச் சொல்றேன்.

சரி, நான்தான் பாக்கல. அந்த வீட்டுக்காரங்களுக்கு அனுப்பிச்சேன்ல, அவங்க பாத்தாங்களா? பதினேழு பேரு பதில் போட்டாங்க. சின்ன மருமகன் பேரு விட்டுப்போச்சு. என் பேரை அவன் பேருக்கு மேல போடு. என் பேருக்குப் பின்னால பி.ஏ. போடுன்னு. பதினேழு பேருல ஒருத்தன்கூட செத்தவரு மூஞ்சியைப் பாக்கலண்ணே. அவனவன் அவனவன் பேரைத்தான் பாத்தான். இதைச் சொன்னா எனக்கு வாய் நீளம்னு சொல்லுறாங்க.

ஒட்டிட்டாங்க. பஸ் ஸ்டாண்டுலருந்து மார்க்கெட்டு வரைக்கும், சிக்னல்ல, தியேட்டர் செவுத்துல. மக போன் போடுறா. "அம்மா, அப்பா செத்துட்டாராம்மா? பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டியிருக்காம், பேரு மட்டும் வேறயா இருக்காம்"னு கேக்குறா. அப்புறம், "நீ அடிச்சதாம்மா"ன்னு கேட்டா.

வீட்டுக்கு ஓடுனா, என் நாத்தனா உத்தமபாளையத்துலருந்து தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்து எறங்குறா. ஒன்பது வருசமா என்னைப் பாத்தா ஒரே கேள்விதான் கேப்பா, "நீ என்ன சொன்ன, எந்தம்பி போறதுக்கு"ன்னு. அன்னைக்கு அப்படியே என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. "ஐயோ பூங்கோதை, உன்னை இப்படி விட்டுட்டுப் போயிட்டானே"ன்னு அழுகுறா. உண்மையைச் சொல்றேன், நான் உடனே சொல்லல. ஒரு கால் மணி நேரம் அவளை அழ விட்டேன். நானும் சேந்து அழுதேன். நல்லா இருந்துச்சுண்ணே. அப்புறந்தான், "மதினி, போஸ்டர் தப்பா அடிச்சுட்டேன், அவரு சாகல"ன்னு சொன்னேன். அவ கண்ணைத் தொடச்சுட்டு, "அப்ப எங்க இருக்கான்"னு கேட்டா. மறுபடி பழைய மூஞ்சி வந்துருச்சு.

கடையில கம்பவுண்டரு பிள்ளைங்க வந்து மேசையைத் தட்டுறாங்க. மொதலாளி கையெடுத்துக் கும்பிடுறாரு. புதுசா இருநூறு அடிச்சோம். ஒட்டுற ஆளுங்க வேற ஊருக்குப் போயிட்டாங்க, அதனால பசை வாளியை நானே தூக்கிட்டுப் போனேன். ஊரு பாக்க, எங்க வீட்டுக்காரரு மூஞ்சிமேல கம்பவுண்டரு மூஞ்சியை ஒண்ணொண்ணா ஒட்டிக்கிட்டே போறேன். மார்க்கெட்டுச் செவுத்துல ஒண்ணு மட்டும் ஒசரத்துல இருந்துச்சு, எட்டல. இன்னும் அங்கதான் இருக்கு. தெனம் பஸ்ஸுல போகும்போது பாக்குறேன். நரை நல்லாத்தான் போட்டிருக்கேன்.

அதுக்கப்புறம் மொதலாளி சொல்லிட்டாரு, "உன் ரூமெல்லாம் வேணாம் பூங்கோதை, ஒரே திரையா ஆக்கிரு, எல்லாம் கண்ணு முன்னால இருக்கட்டும்"னு. சம்பந்தியம்மா வந்துச்சு. தங்கமான பொம்பள, கொறை சொல்லக் கூடாது. "ஆளு இருக்காரா, இல்லையா, ஒண்ணு சொல்லிருங்க மதினி. நாலு பேரு கேக்குறாங்க. இல்லைன்னு சொன்னா உங்க அண்ணன் தாரை வாத்துக் குடுக்கட்டும், நீங்க ஓரமா இருந்துக்கங்க"ன்னு பையச் சொல்லிட்டுப் போயிருச்சு. தங்கமான பொம்பளைங்க சொல்றதுதான் ரொம்ப வலிக்கும், அது உங்களுக்குத் தெரியாது.

எம்மககிட்ட கேட்டேன். அவ, "உனக்கு எது தோணுதோ போடும்மா, நீ என் பக்கத்துல நிக்கணும், அதான் எனக்கு வேணும்"னுட்டா. அப்ப "திரு"ன்னே போட்டுருவோம், அவரு வெளியூர்ல இருக்காருன்னு சொல்லிக்குவோம்னு முடிவு பண்ணேன். ஒன்பது வருசம் இழுத்தாச்சு, இன்னொரு நாள் இழுக்க முடியாதா?

அப்பத்தான்...

இதை யாருகிட்டயும் சொல்லலண்ணே. எம்மககிட்டகூட. நீங்க வெளியாளு, சாயங்காலம் தேனிக்கு பஸ் ஏறிருவீங்க, அதனால சொல்றேன்.

போஸ்டர்ல கீழ கடை நம்பர் போடுவோம்ல. நேத்து மத்தியானம் போன் அடிச்சுச்சு. எடுத்தேன். "கடைங்களா? கம்பத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒண்ணு அடிச்சிருக்கீங்க, அதுல என் படத்தைப் போட்டிருக்கீங்க. எனக்கு வாட்சப்புல வந்துச்சு. நான் உசுரோட இருக்கேங்க"ன்னு ஒரு குரலு.

"கடைங்களா"ன்னு கேக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மொத வார்த்தையிலயே. ஒன்பது வருசம் என்ன, தொண்ணூறு வருசம் ஆனாலும் தெரியும். கடையில பேசுற குரல்லதான் வந்துச்சு பேச்சு. "சொல்லுங்க சார்"னேன்.

"இங்க தெரிஞ்சவங்க எல்லாம் போன் போட்டு என்னன்னு கேக்குறாங்க. ஒரே தொந்தரவா இருக்கு. அந்தப் படத்தை எடுத்துருங்கம்மா."

"நீங்க எந்த ஊருலருந்து பேசுறீங்க சார்?"

"அது எதுக்கும்மா உங்களுக்கு? படத்தை எடுத்துருங்க, போதும்."

பின்னால ஒரு பொம்பளக் குரலு, "போனை வச்சுட்டு வாங்க, சோறு ஆறுது"ன்னுச்சு. அவரு, "இந்தா வர்றேன்"னாரு. அந்த "இந்தா வர்றேன்" இருக்கே, அது எங்க வீட்டுல சொன்னதுதாண்ணே. அதே இழுவை.

எங்கிட்ட அந்தப் படம் எப்படி வந்துச்சுன்னு கேக்கல. அது ஸ்டேஷனுக்குக் குடுக்க நான் எடுத்துட்டு வந்த படம், கல்யாண நாளுக்கு எடுத்தது, அதை வேற யாரு வச்சிருப்பா? கேக்கல. ஊருல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு கேக்கல. எம்மக பேரைச் சொல்லல. என் குரலை... நாலு வார்த்தை பேசுனேன்ல, நாலு வார்த்தை. பதினாலு வருசம் பக்கத்துல படுத்த குரலு. "அம்மா"ங்கறாரு என்னை.

"எடுத்துர்றோம் சார்"னேன். வச்சுட்டாரு.

தண்ணி இருக்கா? அந்தப் பாட்டிலை இங்கிட்டுக் குடுங்க.

ஒண்ணுமில்ல. தும்மலு. பேப்பர் தூசி.

சரி, ஒண்ணு கேக்குறேன், மெக்கானிக்கா சொல்லுங்க. நாலாவது ரூமை மூடுனா அதுல திறந்திருக்கறதெல்லாம் எங்க போகும்? அழிஞ்சுருமா? அழியாதா. எடப்பக்கத்து ரூமுக்குப் போயிருமா? அப்படின்னா மூணாவதுக்கு. அஞ்சலி ரூமுக்கு. இதுக்குப் பயந்துதாண்ணே நீங்க வந்ததுலருந்து உங்களைத் தொடாதீங்க தொடாதீங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். உள்ளுக்குள்ள தெரியும் எனக்கு, மூடுனா அங்கதான் விழும்னு.

இருங்க. மொதல்ல மக பத்திரிகையை மட்டும் எடுத்துக்கறேன். அதைக் கையால புடிச்சு இழுத்து மொத ரூம்ல விடுங்க. ஆங், அப்படித்தான். அதுல அந்தக் காலி எடத்துல சொடுக்குங்க. கீபோர்டை இங்கிட்டுத் தாங்க, அதை நான்தான் அடிப்பேன்.

தெய்வத்திரு. தவமணி.

மொத தடவை தப்பா நடந்துச்சு. இது தப்பு இல்ல. என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? உசுரோட இருக்குற ஆளை எழுதக் கூடாதும்பீங்க. அந்தாளு எங்கயோ சோறு ஆறாமத் தின்னுக்கிட்டு நல்லா இருக்கட்டும். எம்மகளுக்கு அப்பா இல்ல, அதைத்தான் எழுதியிருக்கேன். விளக்கு நான்தான் ஏத்துவேன். ஆரத்தியும் நான்தான். பூ வச்சு, பொட்டு வச்சு, எம்மக பக்கத்துல நிப்பேன். ஓரமா நிக்கச் சொல்றவங்க எங்கிட்ட நேர்ல வந்து சொல்லட்டும். தூண்கிட்ட ஒன்பது வருசம் நின்னாச்சுண்ணே.

இப்ப மூடுங்க நாலாவதை. முப்பத்தேழும் போகட்டும். போயிருச்சா? மூணாவதுல போயி நின்னுருச்சா? காட்டுங்க. ஆமா, கம்பவுண்டருக்குப் பக்கத்துல.

படத்தை எடுத்துர்றோம்னு அந்த சாருக்குச் சொல்லியிருக்கேன். மொதலாளி வந்ததும் அந்தப் பெரிய ஏணியைக் கேக்கணும். மார்க்கெட்டுல ஒண்ணு பாக்கி இருக்கு.